பீடி இல்லாதவனுக்கு வெளியே என்ன வேலை

திருத்தணியிலிருந்து பொதட்டூர்பேட்டைக்குப் போகும் சாலையில், ஊர் முடிகிற இடத்தில் ஸ்ரீதரின் தறிக்கூடம் இருக்கிறது. எல்லாம் விசைத்தறி. லுங்கி நெய்கிறார்கள். ஓர் ஆளுக்கு நான்கு தறி. உள்ளே நுழைந்தால் காதருகில் வாய் வைத்துக் கத்தினாலும் பாதிதான் விழும். அதனால் அங்கே எல்லோரும் கையால் பேசுவார்கள். கட்டைவிரலை வாய்க்கு நேராகச் சாய்த்தால் தண்ணீர். உள்ளங்கையால் காற்றைக் குறுக்கே வெட்டினால் நூல் அறுந்துவிட்டது. நெற்றியில் மூன்று விரலை இழுத்தால் முதலாளி வருகிறார். ஸ்ரீதர் பட்டை பட்டையாக விபூதி பூசுகிறவர்.

இரண்டு விரலை உதட்டில் வைத்தால் பீடி. அதில் பீடி மட்டும் இல்லை. 'நான் வெளியே போய்விட்டு வருகிறேன், என் நாலு தறியையும் நீ பார்த்துக்கொள்' என்பதும் சேர்ந்திருக்கிறது. போய் வந்தவன், அடுத்தவன் விரலை வைக்கும்போது மறுக்கக் கூடாது. தறி எதற்காகவும் நிற்பதில்லை, ஆள்தான் மாறுவான். நூல் இருக்கும் இடத்தில் நெருப்பு ஆகாது என்பதால் பீடிக்கு வாசலைத் தாண்டி வேப்பமரத்தடிக்குப் போக வேண்டும். ஸ்ரீதரும் அதற்கு ஒன்றும் சொல்ல மாட்டார். டீ உள்ளேயே வந்துவிடும். சாப்பாடு தறிக்குப் பக்கத்திலேயே. ஒரு முழு ஷிப்டில் ஒருவன் வானத்தைப் பார்ப்பது பீடி பிடிக்கும்போது மட்டும்தான்.

என் பாவாவைப் பீடியை விடச் சொன்னபோது இது எதுவும் எனக்குத் தெரியாது.

பாவா என்றால் என் அக்கா யோகலட்சுமியின் வீட்டுக்காரர், வீரபத்திரன். நாற்பது ஆகவில்லை. நான் கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து அவர்கள் வீட்டில்தான் இருக்கிறேன். எங்கள் இரண்டு குடும்பத்திலும் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வாங்கிய பிறகு பரீட்சை மேல் பரீட்சையாக எழுதிக்கொண்டு அவர் சோற்றைத் தின்றேன். அவர் அதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. "டேய் பட்டதாரி, பேப்பர்ல உன் பேரு வந்தா சொல்லு, அந்தப் பேப்பர்லயே பீடி சுத்திப் பிடிக்கறேன்" என்பார். அவ்வளவுதான்.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து மலைப் படியேறும்போது பாதியில் அவருக்குக் கெண்டைக்கால் கவ்விப் பிடித்தது. நின்றார். விட்டது. ஏறினார். மறுபடி பிடித்தது. பின்னால் வந்தவர்கள் அரோகரா போட்டு நெட்டினார்கள். "முருகன் காலைப் புடிச்சி இழுக்கறாருடா" என்று சிரித்தார். மழைக்காலம் முடிவதற்குள் வலது கால் கட்டைவிரல் நீலமாகி, பிறகு கறுத்தது. நாடா தெறித்து விழுந்த அடி என்றார். தறியில் நூலைச் சுமந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும் அந்த மரக்கட்டை எப்போதாவது தெறிக்கும், உண்மைதான். ஆனால் அடிபட்ட விரல் இரவெல்லாம் ஒரு மனிதனை உட்கார வைத்து அழ வைக்காது.

சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டர் ஒருவர் பார்த்தார். பாதத்தில் விரலை வைத்து நாடி தேடினார். கிடைக்கவில்லை.

"ஒரு நாளைக்கு எத்தனை பீடி?"

"ஒண்ணு ஒண்ணா எண்ணினதில்லைங்க. கட்டுக் கணக்குதான்."

"இந்த வியாதிக்கு மருந்து நான் குடுக்கறதில்ல, நீங்க விடறதுதான். ரத்தக்குழாய் அடைச்சிகிட்டு வருது. புகையிலை எந்த ரூபத்துலயும் உடம்புல போகக் கூடாது. ஒண்ணே ஒண்ணுன்னு கூட இல்ல. விட்டா கால் இருக்கும். விடலைன்னா விரல்ல ஆரம்பிச்சி நான் மேல மேல வெட்டிகிட்டே போகணும்."

கறுத்த கட்டைவிரலை வெட்டி எடுத்துவிட்டு அனுப்பினார்கள். ரயிலில் வரும்போது பாவா ஜன்னல் பக்கம் திரும்பியபடியே இருந்தார். அரக்கோணம் தாண்டியதும், "மேல மேலன்னா எது வரிக்கும்டா?" என்று கேட்டார். அக்கா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

பீடிக் கட்டின் மேலேயே, புழுத்த வாய்ப் படத்துக்குக் கீழே, விட நினைப்பவர்கள் கூப்பிட ஓர் இலவச நம்பர் அச்சிட்டிருக்கிறது. எத்தனை வருடமாக அந்தக் கட்டைப் பிரித்திருப்பார், அவர் அதைப் பார்த்ததில்லை. நான் கூப்பிட்டேன். தமிழில் பேச ஒரு பெண் வந்தார். பெயர் ஜெமிமா. பொறுமையாகப் பேசினார். ஆசை வரும்போது உடனே எழுந்து அந்த இடத்தை விட்டுக் கொஞ்சம் நடங்கள், தண்ணீர் குடியுங்கள், பீடி பிடிப்பவர்கள் பக்கத்தில் நிற்காதீர்கள், அந்த ஆசை கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும் என்றார். நாங்களே திரும்பத் திரும்பக் கூப்பிடுவோம், கூடவே இருப்போம் என்றார். எனக்குப் பெரிய நிம்மதி. ஒரு காரியத்தைப் படித்தவனாகச் செய்து முடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பாவா தன் வழியில் ஒன்று செய்தார். கட்டுப் போட்ட காலோடு மலைக்குப் போய், கற்பூரம் ஏற்றி, சட்டைப்பையிலிருந்த பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் படியோரம் வைத்து, "முருகா, இனிமே பீடி பிடிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். அந்தச் சத்தியத்தை அவர் இன்றுவரை மீறவில்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

தறிக்கூடத்தில் அவருக்கு அடுத்த நாலு தறி ஜெயபாலுடையது. கீழ்த்தெரு சர்ச்சுக்குப் போகிறவர், பாவாவோடு சின்ன வயதிலிருந்து பழக்கம். அவர்தான் முதலில் விரலை உதட்டில் வைத்தார். பாவா தலையாட்டினார். ஜெயபால் போனார், வந்தார். அடுத்து இன்னொருவர். அன்று சாயங்காலம்தான் பாவாவுக்கு விஷயம் புரிந்தது. அவர் விரல் வைக்க வழியில்லை. அவருக்கு மற்றவர்கள் கடன்பட்டிருந்தார்கள், அதை வாங்க அவரிடம் ஒன்றும் இல்லை.

ஒருநாள் கேட்டுப் பார்த்திருக்கிறார். சும்மா வெளியே போய்க் கொஞ்சம் நின்றுவிட்டு வருகிறேன் என்று.

"சும்மாவா?" என்றாராம் ஜெயபால். "சும்மா நிக்கறதுக்கு எவன்டா தறியை விட்டுட்டுப் போவான்? வீட்டுல சண்டையா?"

பிறகு அது பழக்கமாகிவிட்டது. பீடி இல்லாதவன் எப்போதும் உள்ளே இருப்பான், அதனால் எல்லோரும் ஒரே நேரத்தில் போகலாம். முன்பெல்லாம் ஒருவர் ஒருவராகப் போவார்கள். இப்போது மற்ற மூன்று பேரும் சேர்ந்தே போய் மரத்தடியில் கதை பேசினார்கள். பதினாறு தறிகளுக்கு நடுவில், ஒரு விரல் போன காலோடு பாவா ஓடினார். எங்கே நூல் அறுந்தாலும், எங்கே துணியில் ஓட்டை விழுந்தாலும் அவர் தலையில்தான் விழுந்தது.

ஜெமிமா மேடம் சொன்னபடியே கூப்பிட்டார். பகலில். தறிச் சத்தத்தில் போன் அடிப்பதே கேட்காது. கேட்டாலும் பேச வெளியே போக வேண்டும். அதனால் நம்பரை என்னுடையதாக மாற்றிக் கொடுத்தோம். அவர் கேட்பதை ராத்திரி நான் பாவாவிடம் கேட்டு மறுநாள் சொல்வேன். பீடி பிடித்தீர்களா? இல்லை. ஆசை வந்ததா? வந்தது. என்ன செய்தீர்கள்?

"இன்னா செஞ்சேன்னு கேக்குதா உன் மேடம்? தார் மாத்தினேன்னு சொல்லு" என்பார் பாவா. நாடாவுக்குள் வைக்கும் நூல் கட்டைக்குத் தார் என்று பெயர். தீரத் தீர மாற்ற வேண்டும். "தண்ணி குடிக்கச் சொல்லுதே, குடிச்சிட்டு நான் எப்படா ஒண்ணுக்குப் போறது? பதினாறு தறியையும் இஸ்துகினா போவேன்?"

வாயில் போடும் புகையிலை உண்டா என்றும் ஒருமுறை மேடம் கேட்டார். பாவாவிடம் கேட்டேன். "கல்யாணத்துல வெத்தலை போட்டிருக்கேன்" என்றார். அப்போது உண்மைதானா, இல்லை அப்போதே ஆரம்பித்துவிட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பொங்கல் கழிந்து ஒருநாள் அக்காவுக்குக் காய்ச்சல். சாப்பாட்டு கேரியரை நான் எடுத்துக்கொண்டு போனேன். பாவா வேலை செய்வதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். நொண்டி நொண்டி ஒரு வரிசையிலிருந்து இன்னொரு வரிசைக்கு ஓடிக்கொண்டிருந்தார். கீழுதடு உப்பியிருந்தது. மூலைக்குப் போய்த் துப்பினார். நான் அவர் உதட்டைக் காட்டினேன். அவர் இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து, குழந்தைக்கு மிட்டாய் காட்டுவதுபோலக் காட்டினார்.

கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தேன். அங்கே ஸ்ரீதர் நின்றிருந்தார்.

"ஏம்பா பட்டதாரி, தறி ஓடிகினு இருக்கும்போது ஆளை எங்க இஸ்துகினு போற?"

"சார், இது புகையிலைங்க. டாக்டர் இதுவும் கூடாதுன்னு சொல்லியிருக்கார்."

"பொகை வருதா?"

"புகை வராதுங்க, ஆனா அதே விஷம்தான் இதுலயும்..."

"பொகை வராதில்ல. பீடின்னா வெளிய போறான், நாலு தறி அநாதையா நிக்குது. இதுன்னா நின்ன எடத்துலயே வேலை. நூலுக்கும் பயமில்ல. பீடியை விட்டுட்டு ஆளு தவிக்கிறானேன்னு எல்லை தாண்டி நகரியிலேர்ந்து என் கைக்காசுல வாங்கியாந்து குடுக்கறேன். ஒரு பைசா புடிக்கல அவன் கிட்ட." பாவாவின் தோளில் கை வைத்தார். "நீ இன்னா குடுத்த உங்க பாவாவுக்கு? போன் நம்பர்."

மரத்தடியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஜெயபாலும் சிரித்தார். பாவாவும் சிரித்தார், உதட்டைத் திறக்காமல்.

அன்று ராத்திரி வீட்டில் பெரிய சண்டை. அக்கா பொட்டலங்களைச் சாக்கடையில் கொட்டினாள். பாவா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "முருகன் கிட்ட பீடின்னுதான்டி சொன்னேன். இதைச் சொல்லலை."

"கால் முருகனுக்கா, உனக்கா?" என்றாள் அக்கா.

"அங்க வந்து நில்லுடி ஒரு நாளு. பல்லைக் கடிச்சிகினு நில்லு. அப்புறம் பேசு."

நான் ஜெமிமா மேடத்திடம் சொன்னேன். "அதையும் இன்னைக்கே நிறுத்தணும். ஆனா ஒரு தடவையாவது நான் அவர்கிட்ட நேரா பேசணும் சார். உங்க வழியா பேசினா அவருக்கு நான் யாரோதான்" என்றார். அது சரி என்றுதான் எனக்கும் பட்டது. பாவாவுக்கு எப்போது நேரம் என்று கேட்டார். எப்போது என்று சொல்வது?

நாலைந்து நாள் பொட்டலம் இல்லாமல் இருந்தார். பிறகு மறுபடியும் உதடு உப்பியது. பங்குனியில் அதே காலின் குதிகால் கறுத்தது. வாசனை வந்தது. வீட்டில் ஊதுவத்தி ஏற்றி வைத்தோம். முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். டாக்டர் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரிக்கு ஜெயபாலும் மற்ற இரண்டு பேரும் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்கள். போர்வை ஒரு பக்கம் தட்டையாக இருப்பதைப் பார்த்துவிட்டுப் பழத்தை எங்கே வைப்பது என்று தேடினார்கள். ஜெயபால்தான் ஆரம்பித்தார்.

"வீரா, உனக்கு நல்ல நேரம்டா. கைத்தறியா இருந்தா மிதிக்க ரெண்டு காலும் வேணும். இது விசைத்தறி. கரெண்டே மிதிச்சிக்கும்."

"செருப்பு வாங்கினா ஒத்தையை நீ எடுத்துக்கோ" என்றார் பாவா.

"எனக்கு எதுக்கு? நான் ரெண்டு காலோட போய்ச் சேரப் போறவன்."

எல்லோரும் நன்றாகச் சிரித்தார்கள். பிறகு மூன்று பேரும் பீடிக்குக் கீழே இறங்கிப் போனார்கள். அன்று பாவா அவர்கள் போன வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் பொட்டலம் தர யாரும் இல்லை. அந்த வாரங்களில் உடம்பெல்லாம் நடுங்கி, நர்ஸுகளைக் கெட்ட வார்த்தையில் திட்டி, கடைசியில் விட்டுவிட்டார். புறப்படும் அன்று டாக்டர் இடது பாதத்தில் நாடி தேடினார். நெடுநேரம் தேடினார். "மெல்லிசா இருக்கு. இதைக் காப்பாத்தறது உங்க கையிலதான்" என்றார்.

பாவாவின் நாலு தறியில் நான் போய் நின்றேன். பரீட்சை முடிவு வரும் வரை என்று அக்காவிடம் சொன்னேன். முடிவு வந்தது, அதில் நான் இல்லை. ஸ்ரீதர் எனக்கு நல்ல வரவேற்பு கொடுத்தார். "உனக்குப் பீடி பழக்கம் இல்லையேப்பா? நல்லதாப் போச்சு. அந்தப் பக்கத்து நாலையும் ஒரு கண்ணு பாத்துக்கோ" என்றார். முதல் வாரத்திலேயே என் பாதங்கள் வீங்கின. பாவா ஏன் வாயைத் திறக்காமல் சிரித்தார் என்று புரிந்துகொள்ள எனக்குப் பட்டம் தேவைப்படவில்லை, நின்றால் போதுமாக இருந்தது.

மூன்று மாதம் கழித்து பாவாவும் வந்தார், ஒற்றை ஊன்றுகட்டையை அக்குளில் வைத்துக்கொண்டு. வாசலை ஒட்டி இருக்கும் தார் சுற்றும் மிஷினில் ஸ்ரீதர் அவரை உட்கார வைத்தார். கூலி பாதிக்கும் கீழே. "இனிமே எழுந்து ஓடற வேலையே இல்ல. உக்காந்த எடத்துல சோறு" என்றார். மிஷினுக்கு மேலே, பாவாவின் தலைக்கு நேராக ஒரு ஆணி. அதில்தான் நகரிப் பொட்டலங்கள் சரமாகத் தொங்கும். வருகிறவர்கள் அவர் தலைக்கு மேல் கை நீட்டிக் கிழித்துக்கொண்டு போவார்கள். வேறு இடத்தில் மாட்டச் சொல்லி நான் கேட்டேன். "உங்க பாவாவுக்குக் கையில்லையா, வாயில்லையா? வேணாம்னா எடுக்காம இருக்கட்டும்" என்றார் ஸ்ரீதர்.

ஜெமிமா மேடம் விடவில்லை. இப்போது பாவாவின் போனுக்கே கூப்பிட்டார். மத்தியானம், சட்டைப்பையில் போன் அதிர்வதை அவரால் உணர முடிந்தது. முதல் முறை கட்டையை ஊன்றி எழுந்தார். ஸ்ரீதர் மறித்துக்கொண்டு நின்றார்.

"எங்க?"

"போன் பேசிட்டு வந்துடறேங்க. பீடி விடறதுக்குப் பேசற மேடங்க."

"அதான் விட்டுட்டியே. கால் போயாச்சு, இன்னும் பேச்சு போவலியா?" பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துக் கண்ணடித்தார். "பீடி இல்லாதவனுக்கு வெளிய இன்னா வேலை? உக்காரு. தார் காலியாவுது."

பாவா உட்கார்ந்தார். போன் அதிர்ந்து அடங்கியது. அன்று பூராவும் அவர் ஆணியைப் பார்க்காமல் இருக்கத் தலையைக் குனிந்தே வைத்திருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்ததை நான் தறிக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். இன்றோ நாளையோ அவர் கை மேலே போய்விடும் என்று எனக்குத் தோன்றியது.

மறுநாள் அதே நேரம். பாவா சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, இரண்டு விரலை உதட்டில் வைத்தார்.

 வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் மறுபடியும் வைத்தார். அழுத்தி வைத்தார். ஜெயபால் பார்த்துவிட்டுக் காதில் செருகியிருந்த பீடியை எடுத்து நீட்டினார். பாவா அதை வாயில் வைத்துக்கொண்டு எழுந்தார். ஸ்ரீதர் பீடியைப் பார்த்தார், விலகி வழிவிட்டார். அவர் முகத்தில் ஒரு திருப்திகூடத் தெரிந்தது.

நான் என் தறிகளை விட்டுவிட்டுத் தார் மிஷினுக்குப் போனேன். அங்கிருந்து மரத்தடி தெரியும். பாவா கட்டையில் சாய்ந்து நின்றார். ஒரு கை கட்டையில். மறு கையில் போன், காதில். பீடி உதட்டில். உதடு அசைந்துகொண்டிருந்தது. கை இரண்டும் வேலையாக இருப்பவனுக்குப் பக்கத்தில் நிற்பவன் பற்ற வைத்துத் தருவது மரியாதை. ஜெயபால் தீக்குச்சியைக் கிழித்து, உள்ளங்கையைக் குவித்து நீட்டினார். பாவா முகத்தைத் திருப்பினார். குச்சி அணைந்தது. ஜெயபால் இன்னொன்று கிழித்தார். பாவா மரத்தின் அந்தப் பக்கம் நொண்டிக்கொண்டு போனார். ஜெயபால் குச்சியோடு அவரைச் சுற்றி வந்தார், விளையாட்டு என்று நினைத்து.

ஸ்ரீதர் வாசலுக்கு வந்தார். இரண்டு விரலை உதட்டில் வைத்துக் காட்டி, பிறகு வெறுங்கையை விரித்தார். புகை எங்கே?

பாவா அவரைப் பார்த்தார். மூன்றாவது குச்சி எரிந்துகொண்டிருந்தது. பீடியின் நுனிக்கும் அதற்கும் ஒரு விரற்கடை இருக்கும். பாவா போனில் ஏதோ சொல்லிவிட்டு அதைச் சட்டைப்பையில் போட்டார். வாயிலிருந்த பீடியை எடுத்து ஜெயபாலின் காதிலேயே செருகினார். கட்டையைத் தூக்கித் தூக்கி வைத்து உள்ளே வந்தார். ஸ்ரீதர் அவர் தோளைத் தட்டி, "ஏமாத்தறியா?" என்று கேட்டது எனக்கே கேட்டது. பாவா உட்கார்ந்தார். அவர் முகத்தில் வேர்வை நூலாக இறங்கியது. தலைக்கு மேல் சரம் ஆடிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் ஜெமிமா மேடம் என்னைக் கூப்பிட்டார். "உங்க பாவா பேசினார் சார். பீடியும் பிடிக்கலை, பொட்டலமும் தொடலைன்னு சொன்னார். திடீர்னு கட் பண்ணிட்டார். நாளைக்கு எத்தனை மணிக்குக் கூப்பிட்டா அவருக்கு வசதி?"

பாவா கட்டிலில் உட்கார்ந்து இடது பாதத்தை மடியில் வைத்து, கட்டைவிரல் நகத்தை அமுக்கி அமுக்கி நிறம் திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் போனைக் கையால் மூடிக்கொண்டு கேட்டேன்.

"பீடி நேரத்துக்குக் கூப்பிடச் சொல்லு" என்றார்.